கடலிலிருந்து 670 கி.மீ. உள்ளே ஒரு துறைமுகம்: இகார்கா எதற்கு வந்தது, ஏன் காலியானது?

ரஷ்யாவின் சைபீரியாவில் ஓடும் யெனிசெய் ஆற்றை வரைபடத்தில் பிடித்துக்கொண்டே வடக்கே போனபோது இகார்கா என்று ஓர் ஊர் கண்ணில் பட்டது. துறைமுகம் என்று போட்டிருக்கிறது, கடலோ 600 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. சாட்டிலைட் படத்தில் தெருக்கள் தெரிகின்றன, வீடுகளைக் காணோம். பெர்மாஃப்ராஸ்ட் (உறைமண், அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம்) உருகி ஊரே புதைந்துவிட்டது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், உண்மையா? இதுதான் நீங்கள் கேட்டது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படியோர் இடத்தில் ஊர் எதற்கு வந்தது என்பது ஒன்று, வந்த ஊர் ஏன் காலியானது என்பது இன்னொன்று. இரண்டையும் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு போனால் விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வீடியோக்காரர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அஸ்திவார வேலையிலேயே காலம் தள்ளிய சிவில் இன்ஜினியர். 1980களில் லெனின்கிராதில் படித்தேன். இகார்காவில் கால் வைத்ததில்லை. அன்றைக்கு எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிற நகரத்தைத் தாண்டிப் போவதற்கே அனுமதி வாங்க வேண்டும். ஆனால் உறைமண் பாடம் நடக்கிற வகுப்புகளில் இகார்கா பெயர் வராத வாரமில்லை. அதனால் மண்ணையும் ஆற்றையும் பற்றிச் சொல்வதைப் படிப்பிலிருந்து சொல்கிறேன். ஊரின் கதை அதற்குப் பிறகு விடாமல் வாசித்ததிலிருந்து.

முதலில் இடம். இகார்கா 67 டிகிரி 28 நிமிட வடக்கில் இருக்கிறது, ஆர்க்டிக் வட்டம் 66 டிகிரி 33 நிமிடத்தில். கழித்துப் பார்த்தால் நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ.தான் வருகிறது. இணையத்தில் பல இடங்களில் "வட்டத்துக்கு 163 கி.மீ. வடக்கே" என்று பார்ப்பீர்கள். ஒருவேளை ஆற்றின் வளைவு நெளிவுகளோடு அளந்த கணக்காக இருக்கலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துப்போட்டே அந்த எண் நிலைத்துவிட்டது. தெற்கே கிராஸ்நயார்ஸ்க் நகரிலிருந்து ஆற்றுவழியாக 1,700 கி.மீ.க்கு மேல். ரயில் கிடையாது, வெளியுலகத்தோடு இணைக்கிற ஆண்டு முழுவதற்குமான சாலையும் கிடையாது. படகு, விமானம், பனிக்காலத்தில் உறைந்த தரைமேல் போடுகிற தற்காலிகப் பாதை, அவ்வளவுதான்.

அடுத்தது ஆறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறைமுக ரகசியமே இங்கேதான் இருக்கிறது. ரஷ்யாவில் அதிகத் தண்ணீர் கொண்டுபோகிற ஆறு யெனிசெய். நீரியல் படித்தவர்களுக்கு இகார்கா என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊர்கூட இல்லை, நீரளவை நிலையம். 1936 முதல் அங்கே ஆற்றின் ஓட்டம் அளக்கப்படுகிறது. 24 லட்சம் சதுர கி.மீ. நிலப்பரப்பின் தண்ணீர் அந்த ஓர் இடத்தைக் கடந்து போகிறது. ஆண்டுச் சராசரி நொடிக்குச் சுமார் 18,000 கன மீட்டர். ஆனால் இந்தச் சராசரி ஆளை ஏமாற்றும். பனிக்காலக் கடைசியில் பத்தாயிரத்துக்கும் கீழே இருக்கும் ஓட்டம், ஜூனில் 70,000ஐத் தாண்டிவிடும். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது இல்லையா, தெற்கே பனி உருகித் தண்ணீர் புரண்டு வரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். வருகிற வெள்ளம் அந்தப் பனிக்கட்டியை உடைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்மட்டம் பத்து மீட்டருக்கும் மேலே ஏறும். வீட்டளவுப் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கரையைச் சீவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் நடு ஆற்றில் கப்பலோ படகுத்துறையோ எது நின்றாலும் மிஞ்சாது.

இப்போது வரைபடத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஊர் இருப்பது பிரதான ஆற்றின் கரையில் இல்லை. எதிரே ஒரு பெரிய தீவு, தீவுக்கும் வலது கரைக்கும் நடுவில் ஒரு கிளை. அந்தக் கிளையின் கரையில்தான் ஊர். கிளை ஆழமானது, கடல்கப்பல் நிற்கலாம். தீவு ஒரு மதில்மாதிரி நின்று காற்றையும் மிதந்து வரும் பனியையும் பெருமளவு தடுக்கிறது. கழிமுகத்திலிருந்து அதுவரைக்கும் யெனிசெய் கடல்கப்பல் வருகிற ஆழத்தோடு இருக்கிறது. 670 கி.மீ. உள்ளே துறைமுகம் என்பது நமக்கு வினோதமாகப் படுகிறது. கப்பல்காரனுக்கு அது கடலின் நீட்சிதான்.

இந்த வழியைக் கண்டுபிடித்ததும் சோவியத்துக்காரர்கள் இல்லை. ஜோசப் விக்கின்ஸ் என்கிற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் 1876லேயே காரா கடல் வழியாக யெனிசெய்க்குள் நுழைந்து, இகார்காவைத் தாண்டித் தெற்கே குரேய்கா ஆறு கலக்கும் இடம்வரை வந்து, அங்கேயே உறைபனியில் மாட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார். 1913இல் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சன் ஒரு வணிகக் கப்பலில் யெனிசெய் கழிமுகத்துக்கு வந்திறங்கினார். சைபீரிய மரத்தையும் தானியத்தையும் வடகடல் வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக முடியும் என்பது அப்போதே பேச்சில் இருந்தது. 1920களில் சோவியத் அரசு அந்நியச் செலாவணிக்குப் பறந்துகொண்டிருந்தபோது அந்தப் பேச்சு திட்டமானது. முதலில் கீழே, கழிமுகத்துக்குப் பக்கமாக, உஸ்த்-போர்த் என்ற இடத்தில் ஆற்றுப் படகிலிருந்து கடல்கப்பலுக்குச் சரக்கு மாற்றினார்கள். அங்கே ஆறு கடல்போல் அகலம், காற்று அடித்தால் வேலை நின்றுவிடும். இன்னும் மேலே ஒதுக்குப்புறமான ஆழமான இடம் வேண்டும் என்று தேடித்தான் இந்தக் கிளையைப் பிடித்தார்கள். 1929இல் கட்டத் தொடங்கினார்கள். 1931லேயே நகரம் என்ற அந்தஸ்து கிடைத்துவிட்டது.

கணக்கு எளிமையானது. நல்ல பைன் மரம் தெற்கே, அங்காரா ஆற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அதை வெட்டி, கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கி, வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் விட்டால் கூலி கேட்காமல் ஆறே ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுமந்து வரும். கடல்கப்பலோ வடக்கிலிருந்து வருகிறது. தெப்பமும் கப்பலும் சந்திக்க ஓர் இடம் வேண்டும், அங்கே மரம் அறுக்கிற ஆலைகள் வேண்டும், அறுத்த பலகையை அடுக்கி உலர்த்த மரவாடி வேண்டும். இகார்கா என்பது அந்தச் சந்திப்பு, அவ்வளவுதான். கப்பல் காலமும் குறுகியது. ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை. அந்த மூன்றரை மாதத்தில் ஏற்றியதுதான் ஏற்றியது. மீதிக் காலம் முழுக்க அறுப்பதும் அடுக்குவதும்.

"ஆளில்லாத இடத்தில் எழுப்பிய நகரம்" என்று பழைய சோவியத் எழுத்துகளில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேத், செல்கூப், எவென்கி, நேனெத்ஸ் மக்கள் அந்தப் பகுதியில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆற்றங்கரையில் ரஷ்ய மீனவர் குடில்களும் இருந்தன. ஊர்ப் பெயருக்கேகூட யெகோர் என்ற ஒரு மீனவரின் பெயர் உள்ளூர் மக்கள் வாயில் இகார் ஆகி, இகார்கா ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

யார் கட்டினார்கள் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆர்வத்தோடு வந்த இளைஞர்களும் சம்பளத்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் பெரும்பகுதி 1930, 31இல் நிலம் பறிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட விவசாயக் குடும்பங்கள். "சிறப்புக் குடியேறிகள்" என்பது காகிதத்தில் அவர்களுக்கு வைத்த பெயர். படகில் ஏற்றிக் கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். முதல் குளிர்காலத்தைக் குழி வீடுகளிலும் பலகைக் கொட்டகைகளிலும் கழித்தார்கள். ஜனவரிச் சராசரி மைனஸ் 27, 28 டிகிரி என்கிற ஊரில். காய்கறி இல்லாமல் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் வந்தது. எழுத்தாளர் விக்தர் அஸ்தாஃபியெவ் இப்படிக் கடத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைதான். இகார்காவில் அநாதை விடுதியில் இருந்து படித்தவர். பின்னாளில் அவர் எழுதியதில் இந்த ஆறு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதே காலத்தில் மாஸ்கோவின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் இவான் லியோனிதவ் இகார்காவுக்கு நகரத் திட்டம் வரைந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பத்தாண்டின் முரண் புரியும். தாளில் எதிர்கால நகரம், தரையில் குழி வீடு. 1930களின் கடைசியில் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டிவிட்டது.

ஊர் முழுக்க மரம். வீடு மரம், நடைபாதை பலகை, தெருவும் பலகை, சேற்றை மூட ஆலையிலிருந்து வந்த மரத்தூள். தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் மண்ணுக்குள் புதைக்க முடியாது, அதனால் மரப்பெட்டிக்குள் மரத்தூளை அடைத்துத் தரைக்கு மேலே கொண்டுபோனார்கள். அந்தப் பெட்டியின்மேலேயே ஜனங்கள் நடந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் தீ பிடித்தால் என்ன ஆகும்? 1962இல் பிடித்தது. மரவாடியும் ஆலைப் பகுதியும் வீடுகளும் பெருமளவு எரிந்தன. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தள்ளி ஐந்து மாடிக் கான்கிரீட் குடியிருப்புகள் எழுந்தன. இன்றைக்கு ஆட்கள் இருப்பது அந்தப் புதிய பகுதியில். நீங்கள் சாட்டிலைட்டில் பார்த்த வீடில்லாத தெருக்கள் பழைய மர நகரத்துடையவை.

இனி என் பாடம், மண். எங்கள் பேராசிரியர் ஒருநாள் குளிர்ப்பெட்டியிலிருந்து செங்கல் அளவு உறைமண் கட்டி ஒன்றை எடுத்து வந்து அலுமினியத் தட்டில் வைத்தார். சுத்தியலால் ஓங்கி அடித்தார். கணீரென்று சத்தம், சுத்தியல்தான் துள்ளியது. பிறகு அதை அப்படியே மேசைமேல் விட்டுவிட்டுப் பாடம் நடத்தினார். மதியம் வந்து பார்த்தபோது தட்டில் சாம்பல் நிறக் கூழ், அதன்மேல் ஒரு விரல் தண்ணீர். கட்டி இருந்த உயரத்தில் பாதிகூட இல்லை. "காலையில் இதன்மேல் வீடு கட்டலாம், மதியம் கட்ட முடியாது" என்றார். அந்த வண்டல் மண்ணில் பனிக்கட்டி மெல்லிய தகடு தகடாகப் படிந்திருக்கும். உறைந்திருக்கும்வரை பாறை, உருகினால் சாம்பார். இதை அறியாமல் 1930களில் சாதாரண அஸ்திவாரம் போட்டுக் கட்டிய கட்டடங்களில், உள்ளே அடுப்பு எரிய எரிய அடியில் மண் இளகியது. ஒரு மூலை இறங்கும், கதவு மூடாது, சுவர் பிளக்கும்.

தீர்வு கேட்கச் சிரிப்பாக இருக்கும்: வீட்டைத் தரையோடு ஒட்டாமல் தூக்கிக் கட்டுவது. நீராவியால் மண்ணை இளக்கித் துளைபோட்டு பைல் என்கிற நீளமான அஸ்திவாரத் தூணை இறக்குவார்கள். சுற்றிலும் மண் திரும்ப உறைந்து பைலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கட்டடம். தரைக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஓர் ஆள் குனிந்து போகிற இடைவெளி. குளிர்காலக் காற்று அதற்குள் புகுந்து மண்ணின் சூட்டை வாரிக்கொண்டு போகும். வீட்டின் வெப்பம் மண்ணுக்கு இறங்காது. இந்த முறைகளையெல்லாம் பரிசோதித்துப் பார்த்த இடங்களில் முக்கியமானது இகார்காவின் உறைமண் ஆய்வு நிலையம். 1930களில் தொடங்கியது. நிலத்துக்கு அடியில் அறைகள் தோண்டி, சுவரே உறைமண்ணாக, அங்கேயே மண்ணின் வலுவை அளந்தார்கள். இன்றைக்கு அது அருங்காட்சியகம். போர்க்கால நாளிதழ்களை ஒரு பெட்டியில் வைத்து அந்த நிலவறையில் வைத்திருக்கிறார்கள், 2045இல் திறக்க வேண்டும் என்று.

ஆக, உறைமண் ஊரைப் புதைத்துவிட்டதா? இதில் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவு. கிழக்குச் சைபீரியாவில் யாகுத்ஸ்க் நகரத்துப் பக்கம் உறைமண் பல நூறு மீட்டர் ஆழம், நல்ல குளிர்ச்சி. இகார்காவில் அப்படி இல்லை. அங்கே அது சில பத்து மீட்டர்தான், வெப்பநிலையும் பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழே, சில இடங்களில் துண்டு துண்டாக இருக்கும். விளிம்பில் நிற்கிற மண். கொஞ்சம் சூடு ஏறினாலும் பாதிக்கும், காலநிலை மாற்றம் அங்கே உண்மையான கவலை. ஆனால் விரிசல்விட்ட ஒரு கட்டடத்தின் படத்தைக் காட்டி "புவி வெப்பமயமாதல்" என்று தலைப்புப் போடுவது என் தொழிலில் ஒப்புக்கொள்ள முடியாத காரியம். வெந்நீர்க் குழாய் ஒழுகினாலும் அதே விரிசல்தான் வரும். அடியிலுள்ள காற்றோட்ட இடைவெளியில் பனியையோ குப்பையையோ அடைத்தாலும் அப்படித்தான். பராமரிக்க ஆளில்லாத ஊரில் இவை இரண்டும் சாதாரணம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாகத் தோண்டிப் பார்க்காமல் எது காரணம் என்று பிரிக்க முடியாது. மொத்தத்தில், மண் இறங்கியதால் ஜனங்கள் போகவில்லை. ஜனங்கள் போன பிறகு மண் இறங்குவதைத் தடுக்க ஆளில்லை.

போனதற்குக் காரணம் மரம். தெற்கே, அங்காரா வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மக்லாகவோ என்ற ஆலை ஊர் வளர்ந்து 1975இல் லெசசிபீர்ஸ்க் என்ற நகரமானது. மரம் வெட்டுகிற இடத்திலேயே அறுத்துவிடலாம், அங்கே ரயிலும் உண்டு, ஆறும் கடலும் இரண்டிலும் போகக்கூடிய கப்பல்கள் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும். அப்புறம் வடக்கே 1,000 கி.மீ.க்கு மேல் தெப்பம் விட்டு, ஆர்க்டிக்கில் ஆளை வைத்து, வெந்நீர் கொடுத்து, எதற்காக அறுக்க வேண்டும்? ஆற்றில் இன்னும் வடக்கே உள்ள துதீன்கா துறைமுகமோ நரீல்ஸ்க் சுரங்க நகரத்தின் நிக்கலுக்காகவே இயங்குவது. பனியுடைப்புக் கப்பல்களின் தயவில் 1978 முதல் அங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் போக்குவரத்து. இகார்காவுக்கு அந்த முக்கியத்துவம் கிடைக்கவில்லை. சோவியத் ஆட்சி இருந்தவரை வடக்கத்திச் சம்பளமும் அரசு மானியமும் ஊரைத் தாங்கின. அது போனதும் கணக்கு உதைத்தது, ஆலை படுத்தது. 1989 கணக்கெடுப்பில் 18,820 பேர், 2002இல் 8,627, 2010இல் 6,183. இப்போது அதற்கும் கீழே.

ரயிலையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், யாராவது அடுத்துக் கேட்பார்கள். 1947இல் வடக்கே ஒரு துறைமுகத்துக்குத் தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். முதலில் மேற்கே, ஓப் ஆறு கடலில் சேரும் வளைகுடாவில் என்றார்கள், அங்கே ஆழம் போதவில்லை என்று தெரிந்ததும் 1949இல் இலக்கை இகார்காவுக்கு மாற்றினார்கள். ஓப் ஆற்றங்கரை ஊரான சலேகார்திலிருந்து ஒரு பக்கமும் யெனிசெய்யிலிருந்து மறுபக்கமும் பல்லாயிரம் கைதிகள் வேலை செய்தார்கள். ஸ்டாலின் 1953 மார்ச் 5இல் இறந்தார், அதே மாதம் வேலை நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 700 கி.மீ. போட்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி இன்றைக்குச் சதுப்பில் நெளிந்து கிடக்கிறது. "ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஒரு பிணம்" என்று சொல்வது துயரத்தின் மொழி, அதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. இறந்தவர் தொகை இவ்வளவு என்று இலட்சத்தில் அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதற்காக அது சாதாரண வேலைத்தளம் என்று சொல்பவர்களையும் நம்புவதில்லை. தெற்கே உள்ள குரேய்கா கிராமத்தில்தான் ஸ்டாலின் 1914 முதல் 1916 வரை நாடுகடத்தப்பட்டு இருந்தார். அவர் தங்கிய குடிசையைச் சுற்றிப் பிற்காலத்தில் மண்டபம் கட்டிச் சிலையும் வைத்தார்கள். 1961இல் அந்தச் சிலையை யெனிசெய்யில் தள்ளிவிட்டார்கள்.

கடைசியாக, விமான ஓடுபாதை ஊருக்குள் இல்லாமல் எதிரே தீவில் ஏன் இருக்கிறது என்றும் யாராவது கேட்கலாம். சமதளம் அங்கேதான் கிடைத்தது. மேற்கே வன்கோர் எண்ணெய் வயலில் 2009இல் உற்பத்தி தொடங்கியபின் அந்த ஓடுபாதைக்கு வேலை கூடியது, ஷிப்டு ஆட்கள் அதன்வழியாக வந்து போகிறார்கள். ஊர்க்காரர்கள் விமானம் பிடிக்க வேண்டுமானால் கோடையில் படகில் கிளையைத் தாண்ட வேண்டும், குளிர்காலத்தில் பனிமேல் வண்டியிலேயே போகலாம். ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் ஓடாது, பனியும் தாங்காது. அப்போது ஹோவர்கிராப்டோ ஹெலிகாப்டரோ வர வேண்டும். அதுவும் இல்லாத நாளில், ஓடுபாதையில் நிற்கிற விமானத்தை இக்கரையிலிருந்து பார்க்கத்தான் முடியும்.